நகைச்சுவை நாடகமும் நம் பங்கும்

(காடாம்புலியூரில் யூபிலி விழா நாடக இரவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

காலையில் திருப்பலி கண்டோம். மாலையில் தேர்ப்பவனி கண்டோம். இப்போது நாடகம் காண வந்திருக்கிறோம். திரைக்குப் பின்னால் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சாமியார் பேச்சு எப்போது முடியும் என்று உங்களில் பலர் எண்ணுவதும் நமக்குத் தெரிகிறது. ஆயினும் திரை விலகுமுன் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். இந்த நாடகத்தைப் பற்றி நம் பங்கில் இரண்டு கேள்விகள் எழுந்தன. இரண்டும் நல்ல மனத்தோடு கேட்கப்பட்ட கேள்விகள். அவற்றுக்கு மறுமொழி சொல்லாமல் நாடகத்தைத் தொடங்குவது முறையல்ல.

நம் இளைஞர்கள் இன்றிரவு நடிக்கப் போவது வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை. அதை அவர்களே காட்சிகளாகப் பிரித்து, வசனம் எழுதி, இரண்டு மாதமாக இரவில் பயிற்சி செய்திருக்கிறார்கள். முதல் கேள்வி இது: யூபிலி போன்ற புனிதமான விழாவில் சிரிப்பு நாடகம் எதற்கு? ஒரு புனிதரின் வரலாற்றையோ பாஸ்காவையோ நடிக்கக் கூடாதா? இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. குரு வேடத்துக்கு என்ன உடை என்று பிள்ளைகள் கேட்டபோது, காவி வேண்டாம் என்று சொல்லி, நாம் உடுத்தும் வெள்ளை அங்கிகளில் ஒன்றையே எடுத்துக் கொடுத்தோம். அங்கியை மேடையில் கேலிக்கு உள்ளாக்கலாமா என்று சில பெரியவர்கள் மனம் வருந்தினார்கள்.

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம்.

வேதாகமத்தில் ஆபிரகாமின் முதிர்ந்த வயதில் பிறந்த மகனுக்கு ஈசாக்கு என்று பெயர். எபிரேய மொழியில் அந்தப் பெயர் சிரிப்பைக் குறிக்கிறது. இறைவன் வாக்களித்த பிள்ளையின் பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது என்றால், அதை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க நாம் யார்?

நம் ஊர்ப்பக்கத்து மக்களுக்கு இதைச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. கடலூர், விழுப்புரம் வட்டாரம் தெருக்கூத்து வளர்ந்த மண். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் திரைக்குப் பின் நின்று பாடி, கிரீடமும் புஜக்கட்டையும் மின்னச் சபைக்கு வருவான். அவனுக்கு முன்பே அங்கே நிற்பவன் கட்டியக்காரன். மன்னன் பெருமை பாடப் பாட, இவன் குறுக்கே புகுந்து ஊர்ப் பேச்சில் ஒரு கேள்வி கேட்பான். மாமன்னனின் மீசை சற்றே இறங்கும். கூட்டம் சிரிக்கும். பிறகு தன்னையும் கேலி செய்துகொள்வான். அந்தச் சிரிப்பால் பாரதத்தின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. நள்ளிரவில் சிரித்த அதே மக்கள்தாம் விடியற்காலையில் துகிலுரிதல் காட்சிக்குக் கண்ணீர் விடுகிறார்கள். சிரிக்கத் தெரிந்த மனத்துக்குத்தான் அழவும் தெரிகிறது.

ஆனால் நம் திருச்சபை எல்லாக் காலத்திலும் நடிகர்களை அன்போடு நடத்தியது என்று நாம் சொல்ல முடியாது. உண்மையை மறைப்பது மேடைக்கும் அழகல்ல, பீடத்துக்கும் அழகல்ல.

பிரான்சு நாட்டில் மொலியேர் என்றொரு நாடகாசிரியர் இருந்தார். 1622-இல் பாரிசில் பிறந்தவர். சேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் படித்தவர். தந்தை அரச மாளிகைக்கு மெத்தை, திரைச்சீலை வேலை செய்தவர். அந்தத் தொழிலை விட்டு, 1643-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நாடகக் குழு தொடங்கினார். இரண்டே ஆண்டில் குழு கடனில் மூழ்கியது. அவர் சிறைக்கும் போய் வந்தார். பிறகு சுமார் 13 ஆண்டுகள் வெளி மாகாணங்களில் ஊர் ஊராகச் சென்று நடித்தார்கள். சந்தைக்கு வந்த மக்களும் ஊர்ப் பிரபுக்களும் பார்த்தார்கள். நம் பக்கத்தில் நாடகக் கம்பெனிகள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு முகாம் மாற்றியதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. 1658-இல் பாரிசு திரும்பி, அரசர் 14-ஆம் லூயி முன்னிலையில் நடித்தார்கள். அதன்பின் அவர் எழுதிய நகைச்சுவை நாடகங்கள் உலகமெங்கும் இன்றுவரை நடிக்கப்படுகின்றன.

அவற்றில் ஒன்று தார்த்துய்ப். பக்தி வேடம் போட்டு ஒரு குடும்பத்தையே ஏமாற்றும் மனிதனைப் பற்றியது. 1664-இல் அது மேடை ஏறியதும் தடை வந்தது. 1667-இல் பாரிசு பேராயர், அதைப் பார்ப்பவர்களையும் படிப்பவர்களையும் சபைநீக்கம் செய்வதாக எச்சரித்தார். 1669-இல்தான் அனுமதி கிடைத்தது. 1673 பிப்ரவரி 17 அன்று, தன்னை நோயாளி என்று கற்பனை செய்துகொள்ளும் ஒருவனின் வேடத்தில் மொலியேர் நடித்தார். அப்போது அவர் உண்மையிலேயே கடும் நோயாளி. மேடையில் நிலை குலைந்தார். நாடகத்தை முடித்துவிட்டு வீடு சென்று, சில மணி நேரத்தில் உயிர் நீத்தார். நடிப்புத் தொழிலைத் துறப்பதாகச் சொல்லாமல் இறந்தவர் என்பதால், கிறிஸ்தவ அடக்கம் தர அவருடைய பங்கில் மறுத்துவிட்டார்கள். மனைவி அரசரிடம் முறையிட்டார். அரசர் தலையிட்ட பின்னர், இரவு நேரத்தில், ஆடம்பரமின்றி அடக்கம் நடந்தது.

அன்பர்களே, ஒரு பங்குத்தந்தை என்ற முறையில் இதை நாம் வேதனையோடுதான் சொல்கிறோம். ஊரெல்லாம் சிரிக்க வைத்த ஒருவருக்குக் கடைசியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றத் தயங்கியது திருச்சபை. அக்காலத்தில் நடிகர்கள் எல்லோர் மீதும் அந்தச் சட்டம் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். சட்டம் இருந்தது உண்மை. ஆனால் சட்டத்தைப் படித்தவர்கள் மனிதனைப் பார்க்க மறந்தார்கள் என்பதும் உண்மையே.

காலம் மாறியது. 2024 ஜூன் 14 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துச் சந்தித்தார். மக்களைச் சிரிக்க வைக்கும்போது நீங்கள் இறைவனையும் மகிழச் செய்கிறீர்கள் என்ற கருத்தில் அவர்களிடம் பேசினார். நல்ல நகைச்சுவை உணர்வைக் கேட்டுப் புனித தாமஸ் மூர் பெயரால் வழங்கும் செபத்தை அவர் நாள்தோறும் சொல்லி வந்தவர். மொலியேர் இறந்து 351 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதவு அகலத் திறந்தது. அப்படியிருக்க, நம் சின்னப் பங்கு மட்டும் அதை ஏன் சாத்த வேண்டும்?

நம் தமிழ்நாட்டிலும் நடிகருக்கு மரியாதை எளிதில் கிடைத்துவிடவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை மேடை ஏறினால் கூத்தாடி ஆகிவிட்டான் என்று வீட்டார் தலைகுனிந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிலையை மாற்றியவர்களில் முன்னிற்பவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்தவர். இளமையில் தமிழ் நாடகத்தை அவரும் மதிக்கவில்லை. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து நடித்ததைப் பார்த்துத்தான் மனம் மாறினார். 1891-இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அதில் சேர்ந்து, ஊதியம் வாங்காமல் நடித்தார்கள். அவரே வழக்கறிஞராகி, பின்னர் சென்னையில் நீதிபதியாகவும் இருந்தார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-இல் மறைந்தார்.

அவர் ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்ததைப் பலரும் அறிவார்கள். மொலியேரையும் கொண்டு வந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. முதலாளியைச் சாக்குக்குள் புகுத்தி, பிறர் அடிப்பது போலப் பாசாங்கு செய்து தானே அடித்துத் தீர்க்கும் ஸ்கப்பேன் என்ற தந்திரக்கார வேலைக்காரனின் கதை, அவர் கையில் காளப்பன் கள்ளத்தனம் ஆயிற்று. பாரிசில் நடுஇரவில் அடக்கம் செய்யப்பட்டவர், நம் தமிழில் காளப்பனாக உயிர்த்து நடமாடினார்.

நகைச்சுவையில் சம்பந்த முதலியாரின் பெயரை நிலைநாட்டியது சபாபதி. அதற்கு முன் நாடகத்தில் சிரிப்பு என்றால், சோகக் கதையின் நடுவே விதூஷகன் வந்து கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் வழக்கம். சபாபதியோ தொடக்கம் முதல் இறுதிவரை சிரிப்பே பொருளாக எழுதப்பட்ட நாடகம். வசதியான வீட்டுப் பிள்ளை சபாபதி முதலியார். அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. எந்தக் கட்டளையையும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டு காரியத்தைக் கெடுப்பவன் வேலைக்காரன். அவனைத் திருத்தும் அளவுக்கு எசமானருக்கும் அறிவு போதாது. 1941-இல் ஏ.வி.மெய்யப்பன் இதைத் திரைப்படமாக்கினார். டி.ஆர்.இராமச்சந்திரன் எசமானராகவும், நாடகக் கம்பெனியில் வளர்ந்து பலருக்கு நடிப்புச் சொல்லித் தந்த காளி என்.ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். இந்தக் கூட்டத்தில் முதியவர்கள் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். படம் நினைவுக்கு வந்துவிட்டது போலும்!

அந்த நாடகத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எசமானருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்ற வேலி அந்தப் பெயரிலேயே விழுந்துவிடுகிறது. இன்னொன்று: எழுதியவர் முதலியார், அவர் கேலி செய்த எசமானரும் முதலியார். தம் இனத்தை விட்டுவிட்டு வேறொருவரைக் கோமாளியாக்க அவருக்கு வழி இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. தம் வீட்டுக் கூடத்திலேயே சிரிப்பை நடமாட விட்டார். அதனால்தான் அந்தச் சிரிப்பு யாரையும் குத்தவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம்.

வீரமாமுனிவர் நமக்கு அந்நியரல்லர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, சேசு சபைத் துறவியாகி, தமிழகம் வந்து, 1747-இல் மறைந்தவர். நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் அவர்தாம். ஆண்டுதோறும் நம் பங்கு மக்கள் அங்கே திருயாத்திரை போகிறீர்கள். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தைப் பாடிய அதே கை, எளிய பேச்சு நடையில் இந்தச் சிரிப்புக் கதையையும் எழுதியது. 1822-இல் இது ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. தமிழ் கற்க வந்த வெளிநாட்டார் பலருக்கு இது பாடநூலாயிற்று. நம் பிள்ளைகளும் பள்ளியில் படித்துச் சிரித்திருக்கிறார்கள்.

பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள். கரை ஏறியதும் தலை எண்ணும்போது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று ஒப்பாரி வைப்பவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குபவர்கள்.

இந்தக் கதை பிற சமயக் குருமாரைக் கேலி செய்ய எழுதப்பட்டது என்று சொல்வோரும் உண்டு. அதைப் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை. இன்று, இந்த ஊரில், இந்த மேடையில் நாம் அதை எப்படி நடிக்கிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு. நம்மோடு முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர்கள், நம் வீட்டுத் துக்கத்துக்கு முதலில் வந்து நிற்பவர்கள், இதோ நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விருந்துக்கு அழைத்து, காவி உடுத்திய ஒருவரை முட்டாளாக்கிக் காட்டி, நாம் கைதட்டினால் அது நகைச்சுவை ஆகுமா? அதற்குப் பெயர் பரிகாசம். விருந்தாளியின் இலையில் முள்ளை வைப்பதற்கு அது சமம்.

அன்றியும், குரு என்ற சொல் யாருடையது? நம்மைக் குருவானவர் என்றுதான் அழைக்கிறீர்கள். நாம் படித்த இடம் குருமடம். நாம் பெற்ற அருட்சாதனம் குருத்துவம். எழுதிய வீரமாமுனிவரும் ஒரு குருவே. ஆகவே மேடையில் குரு என்று ஒருவர் வந்து தடுமாறினால், முதலில் நம்மைத்தான் நாம் அங்கே தேட வேண்டும். இதனால்தான் வெள்ளை அங்கியைக் கொடுத்தோம். திருப்பலிக்குரிய திருவுடைகள் எதுவும் மேடைக்கு வராது. செபமாலையும் சிலுவையும் வரா. வருவது நாம் உடுத்தித் துவைத்துப் பழசான ஓர் அங்கி மட்டுமே. அருட்சாதனத்தை யாரும் சிரிக்கப் போவதில்லை. அதைத் தாங்கிக்கொண்டு வழி தவறும் மனிதனைத்தான் சிரிக்கப் போகிறோம்.

இன்றைய நாடகத்தில் ஒரு காட்சியை மட்டும் ஊன்றிப் பாருங்கள். குரு கிழட்டுக் குதிரை மேல் போகிறார். தலைப்பாகை கிளையில் மாட்டிக் கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கட்டளையிடுகிறார். அடுத்து விழுந்தது குதிரைச் சாணி. அதையும் பக்தியோடு எடுத்து வருகிறார்கள். கோபித்துக்கொண்ட குருவிடம், எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். அவரும் எழுதித் தருகிறார். பிறகு குதிரை இடறி, குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்துப் படித்து, தலைப்பாகை, வேட்டி, சட்டை என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். குருவை மட்டும் எடுக்கவில்லை. அவர் பெயர் ஓலையில் இல்லை! கெஞ்சினாலும் கேட்கவில்லை. பள்ளத்தில் கிடந்தபடியே, நான் விழுந்தால் என்னையும் தூக்குங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

சிரிப்பு வருகிறது அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். வீட்டுக்குப் போனதும் யோசித்துப் பாருங்கள். இந்த யூபிலிக்காக நாம் எத்தனை ஓலை எழுதினோம்! ஆலயத்துக்கு வெள்ளை அடித்தல், மின்விளக்கு அலங்காரம், தேர் சப்பரம், பொது விருந்து, பத்திரிகை அச்சடித்தல், வரிக் கணக்கு என்று நீண்ட பட்டியல். அதில் உள்ளவற்றை எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தோம். பள்ளத்தில் கிடக்கிற மனிதர் யாராவது ஓலையில் விட்டுப்போனார்களா? வரி கட்ட முடியாமல் வெட்கப்பட்டுப் பூசைக்கு வராமல் நின்றுவிட்ட குடும்பம் உண்டா? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே படுத்திருக்கும் தாய் உண்டா? பங்காளிச் சண்டையில் பேச்சற்றுப் போன அண்ணன் தம்பி உண்டா? அவர்கள் பெயரை ஓலையில் எழுதித் தந்தால்தான் தூக்குவோம் என்று நாம் காத்திருக்கிறோமா?

மொலியேருக்கு அடக்கம் மறுத்தவர்களும் ஓலையைத்தான் படித்தார்கள். அதைச் சொல்லி அவர்களைக் குறை கூறுவது எளிது. நம் கையிலுள்ள ஓலையை நாம் சரிபார்ப்பதுதான் கடினம். பிரசங்கத்தில் இதைச் சொல்லியிருந்தால், சாமியார் வழக்கம்போலத் திட்டுகிறார் என்று தலை குனிந்து இருந்திருப்பீர்கள். நாடகத்தில் சொன்னால் தலை நிமிர்ந்து சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்த பிறகு உள்ளே போய் அது வேலை செய்கிறது. வேப்பங்கொழுந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுக்கும் தாயின் வைத்தியம் இது.

இன்னும் ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகப்பன் நட்ட மரம் மகன் கண்முன் விழுந்து கிடந்தது. புதிதாக நட்டுக் காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட பாடுகளைச் சுமக்கிற மக்கள், ஊர் கூடி ஓர் இரவு வாய்விட்டுச் சிரிப்பது வீண் பொழுதுபோக்கு ஆகாது. அதுவும் ஒரு நன்றியறிதல். நாம் இன்னும் இருக்கிறோம், இறைவன் நம்மை இன்னும் கைவிடவில்லை என்று சொல்லும் சத்தம் அது.

நடிக்கப் போகும் இளைஞர்களே, ஒரு வார்த்தை. வயிறு குலுங்கச் சிரிக்க வையுங்கள். ஆனால் எவருடைய ஊனத்தையும், நிறத்தையும், சாதியையும், பேச்சுக் கொச்சையையும் சிரிப்புக்குப் பொருளாக்காதீர்கள். சம்பந்த முதலியார் காட்டிய வழி உங்களுக்குத் தெரியும். கட்டியக்காரன் காட்டிய வழி உங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது. மேலே இருப்பவனைக் கேலி செய்யுங்கள், உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரவோடு குழுவைக் கலைத்துவிடவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாடகமாவது போடுங்கள். பங்கு மண்டபமும் விளக்கும் உங்களுக்கு உண்டு. பெற்றோர்களே, பிள்ளை ஒத்திகைக்குப் போவதைக் கெட்டுப் போவதாக எண்ணாதீர்கள். நாலு பேர் முன் நிமிர்ந்து நின்று பேசவும், அடுத்தவன் பேசும்போது வாய்மூடிக் கேட்கவும், விட்டுக்கொடுத்து வேலை செய்யவும் மேடையைப் போலக் கற்றுக் கொடுக்கும் பள்ளி வேறு இல்லை.

மனம் வருந்திய பெரியவர்களுக்கு நம் பணிவான வேண்டுகோள் இது. முன்வரிசையில் நம்மோடு உட்கார்ந்து பாருங்கள். மேடையில் வெள்ளை அங்கியோடு ஒருவர் பள்ளத்தில் விழும்போது, இந்த ஊரிலேயே முதலில் சிரிக்கும் குரல் நம்முடையதாக இருக்கும். பிறகு உங்களுக்கும் தயக்கம் இராது. நாடகம் முடிந்ததும், நடித்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் மேடையிலேயே ஆசீர்வதித்துப் பொன்னாடை போர்த்தப் போகிறோம். அன்று பாரிசில் மறுக்கப்பட்ட மரியாதையைக் காடாம்புலியூர் தன்னால் இயன்ற அளவில் இன்று செலுத்தட்டும்.

பேச்சு நீண்டுவிட்டது. குழந்தைகள் தூங்குமுன் திரை விலகட்டும். எல்லாம் வல்ல இறைவன் சிரிக்கும் உதட்டையும், பள்ளத்தில் கிடப்பவரைக் காணும் கண்ணையும், தூக்கும் கையையும் நம் எல்லோருக்கும் அருள்வாராக.